முழங்கை

வெள்ளி இரவு பதினொன்றுக்கு இறங்கினேன்.
ஞாயிறு இரவு பத்துக்குத் திரும்பும் விமானம்.
நடுவில் நாற்பத்தேழு மணி நேரம்.
இருபத்திரண்டு ஆண்டுகளை அதற்குள்
எப்படி மடித்து வைப்பதென்று
வழியெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன்.

யீஷூன். பதினோராவது மாடி.
கதவைத் திறந்த ஜெசிந்தா
தாதிச் சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை.
"ஏட்டி உலகு!"
கட்டிக்கொண்டாள். கிருமிநாசினி வாசம்.
"ரெண்டே நிமிசம் உக்காருதேன், பொறவு பேசுவோம்."
சோபாவில் சாய்ந்தாள்.
விடிந்துவிட்டது.

பாளையங்கோட்டையில், ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவில்
சாப்பாட்டுக்கு அப்புறம் புவியியல்.
மோவாயைக் கையில் ஏந்தி,
பென்சிலை நட்டமாகப் பிடித்தபடி
குறிப்பெடுப்பவளைப் போலவே தூங்குவாள்.
கனகரத்தினம் மிஸ்ஸின் செருப்புச் சத்தம்
மூன்றாம் பெஞ்சைத் தொட்டதும்
முழங்கையால் ஓர் இடி.
அது என் வேலை.
துள்ளி எழுந்து, யாரும் கூப்பிடாமலே,
"இருக்கேன் மிஸ்!" என்பாள்.
ஒரே ஒரு நாள் நான் பிந்திப்போக
சாக்பீஸ் அவள் நெற்றியில் பட்டது.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சனி மதியம் எழுந்தாள்.
கீழே காப்பிக்கடையில்
அவளுக்குத் தே ஓ கோசோங், எனக்குத் தே தாரிக்.
கடைக்காரரிடம் மலாயிலும்
என்னிடம் தாமிரபரணியிலும்
ஒரே மூச்சில் பேசினாள்.
"மெர்லயன் பாக்கணுமா?"
"வேண்டாம்."
"நல்லவேள," என்று
செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள்.
கணுக்கால் வீங்கியிருந்தது.

அன்றிரவு யாரோ ஒருத்திக்குக் காய்ச்சல்,
இவள் போக வேண்டியதாயிற்று.
காலை எட்டரைக்கு வந்து
"ரெண்டே நிமிசம்" என்றாள் மறுபடியும்.

நான் என்ன செய்ய?
குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த
அவள் பணி அட்டவணையைப் படித்தேன்.
துணிகளைத் துவைத்து, மூங்கில் கழியில் கோத்து
ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
மூன்று மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் மழை.
பதினொரு மாடி உயரத்தில்
ஈரச் சட்டைகளோடு ஒரு கழியை உள்ளே இழுப்பது
வந்தவர்களுக்குச் சொல்லித்தராத வித்தை.
அவளுடைய காலுறை ஒன்று நழுவி
யார் தலையிலோ, தெரியாது.

என் கூச்சலில் எழுந்து வந்து சிரித்தாள்.
தரையில் உட்கார்ந்து
காய்ந்ததை மடிக்க ஆரம்பித்தோம்.
அப்போதுதான் சொன்னேன்,
ஒரு சட்டையின் கழுத்தை நீவிக்கொண்டே:
"நானும் அவரும் பிரிஞ்சு எட்டு மாசமாச்சு."

அவள் கை நிற்கவில்லை.
"வீடு யாரு பேர்ல?"
"எம் பேர்ல."
"அப்பம் சரி."
அடுத்த சட்டையை எடுத்தாள்.
ஊரில் எத்தனையோ பேர்
எத்தனையோ கேட்டார்கள்.
இதை யாரும் கேட்கவில்லை.

வழியனுப்பக் கூடவே வந்தாள்.
வேண்டாம் என்றால் கேட்டால்தானே.
சிட்டி ஹாலில் வண்டி மாறினோம்.
உட்கார இடம் கிடைத்ததும்
மோவாய் உள்ளங்கைக்குப் போய்விட்டது.
பேச எடுத்துவைத்திருந்ததெல்லாம்
மடியில் கைப்பையோடு கிடந்தது.
நான் நிலையங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.
பென்சில் மட்டும்தான் இல்லை.

தானா மேராவில் கதவு திறக்கப் போகிறது.
இந்தத் தடவை பிந்தவில்லை.
முழங்கை.

"இருக்கேன் மிஸ்!"

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
கைப்பேசியிலிருந்து தலை நிமிராத பையன்கூட.

விமானத்தில் ஏற வரிசையில் நிற்கும்போது
அவளிடமிருந்து ஒரு வரி:
"பூன் லே வரைக்கும் வந்துட்டேன்டி."
ரயில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சிட்டி ஹாலைத் தாண்டிப்
பதினான்கு நிலையம்.